கிடை நகர்ந்த மண்

சென்னைக்குள் மந்தைவெளி என்று ஒரு பேட்டை. மந்தை எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் பஸ் பலகையில் நிற்கிறது. தெற்கே தாம்பரம் பக்கம் மாடுகள் இன்னும் இருக்கின்றன; ஜி.எஸ்.டி. சாலையோரம் படுத்து அசைபோடுகின்றன. அவற்றுக்கென்று இருந்த இடம்தான் போய்விட்டது.

1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் பர்னார்டு அளந்தபோது, பயிர் நிலத்தோடு காடு, ஏரி, தரிசு எல்லாவற்றையும் தனித்தனியே கணக்கில் ஏற்றினார். பிற்கால வருவாய்ப் பதிவுகளில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை உண்டு. அதைச் சும்மா கிடந்த நிலம் என்று நினைப்பது பெரிய தவறு.

அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தையோடு கிடைக்காரர் வருவார். செம்மறிகள் பகலெல்லாம் தரிசிலும் தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயிலும் மேயும். செம்மறி புல்லை அடியொட்டக் கறிக்கும். மாடு நாக்கால் வளைத்து இழுப்பதால் அதற்கு உயரமான புல் வேண்டும். வெள்ளாடு பின்னங்காலில் எழும்பி நின்று முட்செடியின் தழையைத் தின்னும். மூன்றும் மாறிமாறிப் போனால் புதர் அடங்கும், புல்லுக்கு வெயில் கிடைக்கும். இரவில் படல் கட்டி வயலில் கிடை மடக்குவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் புழுக்கை பாய் விரித்தாற்போலக் கிடக்கும். மூத்திர வாடை மூக்கைத் துளைக்கும். மறுநாள் படல் நாலு பாகம் தள்ளிப் போகும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார்கள்.

அந்த நகர்வில்தான் விஷயமே இருக்கிறது. கால்நடையின் எண்ணிக்கையைவிட அது ஒரே இடத்தில் நிற்கும் காலமே புல்லைக் கெடுக்கிறது என்று பிரான்சின் ஆந்திரே வுவாசான் 1957ல் புத்தகம் எழுதினார். நம் கிடைக்காரர் அதைக் காலால் நடந்தே அறிந்திருந்தார்.

மேய்ச்சல் எங்கும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். 1937ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது முட்புதராக இருந்த சேலையூர்ப் பக்கம், மரம் நட்டுக் காத்ததால் இன்று மான் திரியும் காடாக இருக்கிறது. சீமைக்கருவேலத்தின் இனிப்பு நெற்றைத் தின்ற மாடு, விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் போடவும் செய்கிறது. மேய்ப்பவர் இல்லாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

ஆக்கிரமித்த ஊர்ப்பொது நிலங்களை மீட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011லேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பத்து வருஷம் கழித்து 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. மிச்சமிருக்கும் மேய்க்காலை இனியாவது அளந்து கல் நடுங்கள். மேய்ப்பவருக்கு முறை வையுங்கள். இந்த மாசம் இந்தப் பக்கம், அடுத்த மாசம் அந்தப் பக்கம். மழை விழுந்து புல் தலைகாட்டும் நாட்களில் எந்தப் பக்கமும் வேண்டாம்.