தண்ணியும் இல்ல, கல்லும் இல்ல... கணையம் ஏன் வீங்குது?

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலி. ரத்தத்தில் லைபேஸ் அளவு இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல். கணைய அழற்சி என்று உறுதியானதும் நோயாளியிடம் வரும் முதல் கேள்வி, "தண்ணி அடிப்பீங்களா?" இல்லை என்று சொன்னால், பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்களே நம்ப மாட்டார்கள்.

கேள்வியில் தப்பில்லை. திடீர் கணைய அழற்சிக்குப் பெரும்பாலும் பித்தப்பைக் கல் அல்லது மதுதான் காரணம். டிரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டுவது, சில மருந்துகள் எல்லாம் அடுத்த வரிசை. முதல் ஸ்கேனில் சிக்காத பொடிக்கற்களும் உண்டு. அதை மறுபடி தேட வேண்டும். எதுவுமே இல்லையென்றால்? 'காரணம் தெரியவில்லை' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிவிடுவது சுலபம். அதற்கு முன் ரத்த ஓட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவதே நியாயம்.

ரத்தம் போதாமல் போனாலும் கணையம் புண்ணாகும். இது அரிது. வயிற்றின் இரண்டு பெரிய தமனிகளிலிருந்து கிளைகள் வந்து கணையத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஒரு பைப் அடைத்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால் உடம்பின் ரத்த அழுத்தமே சரிந்துவிட்டால் இரண்டும் உதவாது. பெரும் ரத்தப்போக்கு, கிருமித்தொற்றால் வரும் அதிர்ச்சிநிலை, இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு செய்யும் இதய ஆபரேஷன் ஆகியவற்றுக்குப் பிறகு இது நடக்கலாம். 1991-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், அப்படி ஆபரேஷன் ஆன 300 பேரில் 27 சதவீதத்தினருக்குக் கணையச் செல்கள் பாதிக்கப்பட்ட அடையாளம் இருந்தது. கடுமையான கணைய அழற்சி வந்தது 3 பேருக்கு மட்டுமே. மயக்க மருந்தில், வென்டிலேட்டரில் இருப்பவர் 'வயிறு வலிக்குது' என்று சொல்ல முடியாது என்பதுதான் இதில் பயமான விஷயம்.

இன்னொன்று, ஆஞ்சியோகிராம். டியூப் உரசும்போது மகாதமனியில் படிந்த கொழுப்பிலிருந்து கொலஸ்டிரால் துகள்கள் உதிர்ந்து, சின்னச் சின்னத் தமனிகளை அடைக்கலாம். சில நாளோ, சில வாரமோ கழித்துக் கால்விரல் நீலமாகும், கிரியாட்டினின் ஏறும், கணையமும் மாட்டலாம். ரொம்ப அபூர்வம்தான். அதற்குப் பயந்து, தேவையான ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுவது முட்டாள்தனம்.

மூன்றாவது, ரத்தநாள அழற்சி. லூபஸ் நோயிலும், ஹெபடைட்டிஸ் பி கிருமியோடு சேர்ந்து வரக்கூடிய பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசாவிலும் கணையத்துக்குப் போகும் நாளங்களே வீங்கும். இங்கே காரணத்தைக் கண்டுபிடித்தால் வைத்தியமே மாறிவிடும். டிரிப்ஸும் வலி மருந்தும் போதாது. ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து, ஹெபடைட்டிஸ் பி இருந்தால் அதற்கான மாத்திரை என்று வேறு பாதை.

எனவே சமீபத்திய ஆபரேஷன், ஆஞ்சியோ, மூட்டுவலி, தோலில் தடிப்பு எதையும் 'வயித்து வலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்று நோயாளி மறைக்கக் கூடாது. டாக்டரும் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால், தமனிகள் தெளிவாகத் தெரியும்படி மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் அதில் மண்ணீரல் சிரையில் ரத்தக்கட்டி தெரிந்தால், அதுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. பெரும்பாலும் அது கணைய அழற்சியால் வந்த விளைவு.