தளபதியைத் தேரும் அதிகாரம் ஒருவர் கையிலா?

பேராதனையிலே மகாவலி கங்கையின் ஒரு கரையில் அரச பூங்கா இருக்கிறது; மறு கரையில் கன்னொறுவை. 1638ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கீசப் படையை அழித்தது கன்னொறுவையில். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு, தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகத்தை டில்லியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது பூங்காவில். பர்மாவிலே யப்பானியரை எதிர்த்துப் பொருத சேனைகளுக்குத் தலைமை அங்கேயே இருந்தது. அத்தலைமையகத்தைக் காத்து நின்ற காவற்படைக்குப் பொறுப்பாயிருந்தவர் இலங்கை இலகு காலாட்படையைச் சேர்ந்த ஒரு தமிழர். அன்ரன் முத்துக்குமாரு என்பது அவர் பெயர். ஒக்ஸ்போர்டிலே கற்றுப் பாரிஸ்டரானவர். 1955 பெப்ரவரியில் அவரே இலங்கை இராணுவத்தின் தளபதியானார். அப்பதவியை வகித்த முதல் இலங்கையரும் அவரே.

இச்செய்தியைக் கண்டி நகரத்துக் கல்லூரியொன்றில் இன்று பயிலும் தமிழ் மாணவனிடம் கூறினால் நம்புவானா? ஏதோ பழங்கதை என்றே எண்ணுவான். 1959ஆம் ஆண்டு முடிவில் முத்துக்குமாரு ஓய்வு பெற்றார். பின்னர் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து ஆகிய நாடுகளில் இலங்கையின் தூதராகப் பணியாற்றினார். அவருக்குப்பின் தமிழர் எவரும் அவ்வாசனத்தில் அமர்ந்ததில்லை. முஸ்லிம் எவரும் என்றுமே அமர்ந்ததில்லை. பறங்கியரான ஹேய்ன் 1967இல் விலகியதற்குப்பின் சிறுபான்மை இனத்தவர் பெயரே அப்பட்டியலில் இல்லை. அண்டை நாடான இந்தியாவிலோ 1966 தொடக்கம் 1969 வரை குமாரமங்கலமும், 1986 தொடக்கம் 1988 வரை சுந்தர்ஜியும் எனத் தமிழர் இருவர் தரைப்படையின் தலைமைப் பதவியை வகித்தனர்.

ஆகவே தமிழரொருவரைத் தளபதியாக்குக என்று கேட்கவே இக்கட்டுரை வரையப்படுகிறது என்று யாரும் கருதவேண்டாம். இனத்துக்கொரு தளபதி என்று முறைவைத்து வழங்குவதற்கு அது ஊர்க்கோயில் திருவிழா உபயமா? நாம் கேட்பது வேறு. நாட்டின் ஆயுத பலம் முழுவதையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? எவருக்கு அவர் அதற்குக் காரணம் கூறுகிறார்? இக்கேள்விகளைக் கேட்கக் கண்டி மக்களுக்கு உள்ள உரிமை வேறெவ்வூர் மக்களுக்கும் உள்ள உரிமைக்குக் குறைந்ததன்று. படையதிகாரம் கட்டவிழ்ந்தால் என்ன நேரும் என்பதை இந்நகரம் பலமுறை பட்டறிந்திருக்கிறது.

1848ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், புதிய வரிகளை எதிர்த்துக் கண்டி நாட்டுக் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது, தேசாதிபதி டொரிங்டன் பிரபு இங்கே படையாட்சியைப் பிரகடனஞ் செய்தார். பட்டாளத்து அதிகாரிகளே நீதிபதிகளாயினர். புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். குடாப்பொல தேரரைத் துவராடையுடனேயே நிறுத்திச் சுட்டனர். இச்செய்திகள் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை எட்டி விசாரணை நடந்தது, டொரிங்டன் பதவியிழந்தார். மாண்டவர் மீளவில்லை.

1915இல் நிகழ்ந்தது இதனினும் கொடிது. அவ்வாண்டு மே மாத இறுதியில் காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலத்தின்போது மூண்ட கலகம், கண்டியிலிருந்து நாடெங்கும் பரவியது. முஸ்லிம் மக்களின் கடைகளும் உயிர்களும் சூறையாடப்பட்டன என்பது உண்மை. அதை அடக்கவென ஜூன் 2ஆம் நாள் தேசாதிபதி சாமர்ஸ் படையாட்சியைக் கொண்டுவந்தார். இலங்கையிலிருந்த துருப்புகளின் தலைவரான பிரிகேடியர் ஜெனரல் மால்கம் கைக்கு ஒரே நாளில் மக்களின் உயிரும் உடைமையும் சென்றன. கலகம் சில நாட்களில் ஓய்ந்துவிட்டது. படையாட்சியோ ஆகஸ்ட் முடிவு வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றம் விசாரித்து ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞரை ஜூலை 7ஆம் நாள் சுட்டுக்கொன்றது. டி. எஸ். சேனநாயக்கா உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். அந்நாளில் சட்டசபையிலே எழுந்து நின்று இவ்வநியாயத்தைக் கண்டித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதைத் தமிழ் வாசகருக்கு நாம் நினைவூட்டவேண்டியதில்லை. சிங்கள வாசகருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கலாம்.

அவ்வாறு சிறையிருந்த சேனநாயக்காவே பின்னர் பிரதம மந்திரியாகவும் பாதுகாப்பு மந்திரியாகவும் இருந்து 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் இலங்கை இராணுவம் பிறந்தது. படையாட்சியின் கசப்பைச் சுவைத்தவர் ஆக்கிய சட்டம், தளபதி நியமனத்துக்குப் பலமான வேலியிட்டிருக்கும் என்று எதிர்பார்ப்போம் அல்லவா? அவ்வாறில்லை. தகுதியும் பொருத்தமுமுடைய ஒருவரை நாட்டின் தலைவர் நியமிக்க வேண்டும் என்பதோடு சட்டம் அமைந்துவிட்டது. தகுதி யாது, பொருத்தம் யாது, அவற்றை நிறுப்பவர் யார் என்பதற்கு விடையில்லை. முதல் இரு தளபதிகளும் ஆங்கிலேய ஆட்சி அனுப்பிய பிரிகேடியர்கள். கெயித்னஸ் பிரபுவும், அவருக்குப்பின் சேர் பிரான்சிஸ் ரீட்டும். அந்நாட் படை மிகச் சிறியது. ஆகவே வேலியின்மை யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

முத்துக்குமாரு தளபதியாயிருந்த காலத்திலேதான் 1958 மே மாதக் கலவரம் வெடித்தது. மே 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தமிழரைக் காடையர் வேட்டையாடிய வேளையில், தமிழரொருவரின் கட்டளைக்குட்பட்ட படையினர், அவர்களிற் பெரும்பாலோர் சிங்களவர், வீதியிலிறங்கி ஒழுங்கை நிலைநாட்டினர். இது சிறு செய்தியன்று. படைக்கு இனமில்லை, கட்டளையே உண்டு என்னும் நிலை இந்நாட்டில் ஒருகால் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அந்நிலை எவ்வாறு கரைந்தது? 1961 ஏப்ரலில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் அறப்போர் நடாத்திய சத்தியாக்கிரகிகளை ஒடுக்கக் கேணல் உடுகம தலைமையில் படை அனுப்பப்பட்டது. 1962 ஜனவரியில் படையிலும் பொலிஸிலும் உயர்பதவி வகித்த சிலர் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தனர். தளபதி விஜயகோன் அதிற் சேரவில்லை. ஆயினும் அன்றுதொட்டு ஆட்சியாளர் நெஞ்சில் ஓர் அச்சம் குடியேறியது. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணத்திலக்கா பதவி நீங்க, கண்டி மாநகராட்சியின் ஆணையாளராக முன்னர் விளங்கிய கோபல்லவா அவ்விடத்துக்கு வந்தார். படையதிகாரிகளைத் தேர்கையில் திறமையைக் காட்டிலும் நம்பிக்கையே முதலிடம் பெற்றது. நம்பிக்கை என்பதற்கு நம்மவர் என்பதே பொருளாயிற்று. அதுவும் பயன்படவில்லை! 1964இல் தளபதியாக்கப்பட்ட அதே உடுகமவை 1966இல் இன்னொரு சதிக் குற்றச்சாட்டில் அடுத்துவந்த அரசு கைது செய்தது. நீண்ட விசாரணையின் பின் அவரும் மற்றையோரும் விடுதலையாயினர். ஆட்சியாளர் தமக்கு நம்பிக்கையானவர் என்று தேர்ந்த ஒருவர், ஆட்சி மாறியதும் ஐயத்துக்குரியவராகிவிடுகிறார். இதனைக் கண்டபின்னும் முறையை மாற்ற எவரும் முன்வரவில்லை.

1979இல் சனாதிபதி ஜெயவர்த்தனா தம் உறவினரான பிரிகேடியர் வீரதுங்காவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். 1981இல் அவரையே தளபதியாக்கினார். 1983 ஜூலை மாதம் தமிழர் கொல்லப்பட்டபோது தளபதிப் பதவியிலிருந்தவர் அவரே. கண்டி நகரில் ஜூலை 26ஆம் நாள் கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. 1958ஐயும் 1983ஐயும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் விடயத்தைத் தாமே விளங்கிக்கொள்வர்.

போரின் இறுதிக் காலத்துத் தளபதியான சரத் பொன்சேகா, இந்நாடு சிங்களவருக்குரியது என்ற தம் நம்பிக்கையை 2008இல் கனேடியப் பத்திரிகையொன்றுக்கு வெளிப்படையாகவே கூறினார். 2010இல் அவர் சனாதிபதித் தேர்தலில் நின்றார். தமிழர் பெரும்பான்மையாக வாழும் தொகுதிகளே அவருக்கு வாக்கை அள்ளிக் கொடுத்தன. (அரசியல் விந்தைகளுக்கு இலங்கையில் என்றும் பஞ்சமில்லை.) தேர்தல் முடிந்ததும் அவரைக் கைதுசெய்து சிறையிலிட்டவர், அவரைத் தளபதியாக நியமித்த சனாதிபதியே. 2019 ஆகஸ்டில் சவேந்திர சில்வாவைச் சனாதிபதி சிறிசேன நியமித்தபோது, ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையாளர் எதிர்ப்புத் தெரிவித்தார். மறு ஆண்டு அமெரிக்கா அவருக்குத் தன் நாட்டு வாயிலை அடைத்தது. நியமனம் நிலைத்தது. அதைக் கேள்வி கேட்கும் தகுதி இந்நாட்டுச் சபை எதற்கும் சட்டத்தில் இருக்கவில்லை.

இனி நம் கண்ணெதிரே நடந்ததற்கு வருவோம். 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனியப் பகுதிகளில் தொடங்கிக் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வரை முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. ஊரடங்கு விதித்த பின்னும் தீ அடங்கவில்லை. பொலிஸார் கைகட்டி நின்றனர், சிலர் காடையருடன் கைகோத்தனர் என்று பாதிக்கப்பட்டோர் முறையிட்டனர். மார்ச் 6ஆம் நாள் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று, இராணுவம் வந்தது. அதன் பின்னரே கண்டி மூச்சுவிட்டது. சிறுபான்மையினரின் உயிர்க்காப்பு ஈற்றில் இராணுவத்திடம், அதாவது இராணுவத்துக்குக் கட்டளையிடுபவரிடம் போய்ச் சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியுமா? அந்நாளில் அந்நாற்காலியில் வேறு மனப்பாங்குடையவர் ஒருவர் இருந்திருப்பின்?

இப்போது சட்டத்தைப் பாருங்கள். அரசியலமைப்பின் 61உ (61E) உறுப்புரை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் சனாதிபதி நியமிக்க வேண்டுமாயின் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தலைவர்களை அவர் எவர் அங்கீகாரமுமின்றி நியமிக்கலாம்! 2001இல் வந்த 17ஆம் திருத்தம் தொடக்கம் 2022இல் நிறைவேறிய 21ஆம் திருத்தம் வரை பேரவை தோன்றியது, மறைந்தது, மீண்டும் தோன்றியது; படைத்தலைவர் நியமனத்தில் மாத்திரம் எவரும் கைவைக்கவில்லை. பொல்லுப் பிடித்தவரின் தலைவனுக்குப் பரிசோதனை உண்டு. பீரங்கி பிடித்தவரின் தலைவனுக்கு இல்லை.

பேரவையிடம் விட்டால் அரசியல் புகும், படையின் இரகசியம் வெளியாகும் என்பர் சிலர். அரசியல் இன்று புகவில்லையா? உறவினரும் வேண்டியவரும் நியமனம் பெற்ற வரலாற்றை மேலே கண்டோம். இரகசியத்தைப் பொறுத்தவரை, போர்த்திட்டத்தைப் பேரவை முன் வைக்குமாறு யாரும் கேட்கவில்லை. மனிதரின் பெயரை வைக்குமாறே கேட்கிறோம். பேரவை சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவும் வரவில்லை. தேசபந்து தென்னக்கோன் பொலிஸ் மா அதிபரானது பேரவையின் வழியாகத்தான். ஆனால் அவ்வங்கீகாரம் முறையாகப் பெறப்பட்டதா என்ற கேள்வியோடு மக்கள் உயர் நீதிமன்றத்தை நாட முடிந்தது. 2024 ஜூலையில் நீதிமன்றம் அவரது பணியை இடைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. பிழையான நியமனமாயினும் பிடித்துக் கேட்க ஒரு நுனி இருந்தது. தளபதி நியமனத்தில் அந்நுனியே இல்லை.

முத்துக்குமாருவை நியமித்தபோது மாத்திரம் பேரவை இருந்ததா என்றும் கேட்கலாம். இருக்கவில்லை. 1955இல் ஆட்சியிலிருந்தோர் தகுதியை மாத்திரம் பார்த்தது அவர்களுடைய பெருந்தன்மை. பெருந்தன்மை ஒருவரோடு வந்து அவரோடே போய்விடும். 1960க்குப் பின் போயே விட்டது.

2025 ஜனவரியில் பதவியேற்றவர் இப்படையின் 25ஆவது தளபதி. அவருக்கு முன்பிருந்த 24 பேரும் வந்த அதே வழியிலேதான் அவரும் வந்தார். அவர்மீது நமக்குக் குறையேதுமில்லை. புதிய அரசியலமைப்பை ஆக்கப்போவதாக அரசாங்கம் வாக்களித்திருக்கிறது. 61உ உறுப்புரையில் முப்படைத் தலைவர்களையும் பேரவையின் அங்கீகாரத்துக்குட்படுத்தச் சில சொற்களைச் சேர்த்தாற் போதும். கண்டி மாவட்டம் பாராளுமன்றத்துக்கு 12 உறுப்பினர்களை அனுப்புகிறது. 2018இல் திகனையில் எரிந்த வீடுகளைப் பார்க்க அரசியல்வாதிகள் வரிசையாக வந்தனர். இச்சில சொற்களைச் சபையில் முன்மொழிய அப்பன்னிருவருள் எவர் எழுந்து நிற்பார் என்று அவர்களிடமே கேட்போம்.