கூத்தப்பெருமானுக்கு விலை என்ன?

தன் வீட்டுப் பொருளின் அருமையைத் தானறியாத குடும்பம், அப்பொருளைக் கள்வன் சந்தையில் விற்கும்போதுதான் அதன் விலையறிந்து வாய்பிளக்கின்றது. தன் முன்னோர் ஈட்டிவைத்த செல்வத்தின் அருமையைத் தானறியாத இனத்தின் நிலையும் இதுவே. சோழர் காலத்துச் செப்புத்திருமேனி ஒன்று கடல்கடந்த ஊரில் எத்தனை இலக்கம் தாலருக்கு விலைபோயிற்று என்று செய்தி வந்தவுடன் தமிழன் வியக்கின்றான், பெருமைகூடக் கொள்கின்றான். “நம் பாட்டன் கைவண்ணத்துக்கு இவ்வளவு விலையா!” என்று மகிழ்கின்றான். அவ்விலை யார் கைக்குப் போயிற்று? அத்திருமேனி எந்த ஊர்க்கோயிலிலிருந்து போயிற்று? அங்கு இன்று என்ன இருக்கின்றது? இவற்றை மட்டும் அவன் கேட்பதில்லை!

ஏலம் என்னும் சொல்லே தமிழன்று. போர்த்துக்கீசியரொடு கடல்வழி வந்து நம் நாவில் ஒட்டிக்கொண்டது. சொல் வந்த வழியே நம் பொருள் போய்க்கொண்டிருக்கின்றது.

முன்னாளில் ஏலம் என்றால் ஒரு கூடம் இருக்கும். கூடத்தில் ஆள் கூடுவர். ஒருவன் சுத்தியலைத் தட்டுவான். 1995-இல் ஈபே நிறுவனம் தோன்றியபின் பழம்பொருள் விற்பனை கணிப்பொறித் திரைக்கும் வந்தது. 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் பெருநிறுவனங்களின் ஏலங்களும் பெரும்பாலும் இணையவழிக்கு மாறின. முறை எளிது. பொருளின் படத்தைத் திரையில் இடுவர். அதன்கீழ், இத்தொகை முதல் இத்தொகை வரை என ஒரு மதிப்பீடு இருக்கும். விற்பவனும் நிறுவனமும் மட்டுமே அறிந்த கீழெல்லை விலை ஒன்று அதற்குள் மறைந்திருக்கும்; கேள்வி அவ்வெல்லையைத் தொடாவிடில் பொருள் விலைபோகாது. கேட்போர் தம் உச்சத்தொகையை முன்னரே பதிந்துவைக்கலாம். எந்திரமே அவர்க்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். விலையை விண்ணுக்கு ஏற்ற நூறு பேர் வேண்டா. ஆசை அடங்காத இருவர் போதும்! இறுதியில் நின்ற தொகைக்கு மேலும் வாங்குவோன் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் தருகின்றான்; பெருநிறுவனங்களில் அது கால்பங்கை ஒட்டி நிற்கும். விற்பவனிடமும் கழிவு உண்டு. இரு கையிலும் வாங்கும் நிறுவனத்துக்கு விலை உயர்வதில் நாட்டம் இருக்கும். பொருள் வந்த வழியைத் துருவுவதில் என்ன நாட்டம் இருக்கும்?

விலையை எது உறுதி செய்கின்றது? செம்பின் எடையா? அன்று. சுவாமிமலைச் சிற்பி இன்றும் அதே முறையில் மெழுகால் உருவமைத்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, ஐம்பொன்னை ஊற்றித் திருமேனி வார்க்கின்றான். அவன் வேலைக்குப் பெரும்பாலும் எடைக்கணக்கில்தான் கூலி. பழம்பொருளின் விலையை ஏற்றுவன மூன்று: தொன்மை, அழகு, தாள். முதலிரண்டையும் நம் முன்னோர் தந்தனர். மூன்றாவதைத் தருபவன் வணிகன். அத்தாள்தான் உடைமைத்தடம். இப்பொருள் இன்னாரிடம் இருந்தது, இன்ன ஆண்டில் இன்னார் வாங்கினார் என்று கூறும் தாள் அது. தாள் இருந்தால் பொருளுக்கு விலை கோடி. இல்லாவிடில் பொருள் திருட்டுப்பொருள். எனவே, தாள் இல்லாதவிடத்துத் தாளைப் படைக்கின்றனர்!

இதற்கு அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் சான்று. வழிபாடு அருகிப் பூட்டிக்கிடந்த அச்சிற்றூர்ச் சிவன்கோயிலில் 2006-ஆம் ஆண்டளவில் திருடர் புகுந்தனர். திருமேனிகளைக் காப்பறைக்கு மாற்ற 2008-இல் அலுவலர் வந்து பார்த்தபோதுதான் அவை களவு போனமை தெரிந்தது. அதே 2008-இல் அக்கோயிலின் கூத்தப்பெருமானை ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 50 இலக்கம் அமெரிக்கத் தாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாசு கபூர். அவர் காட்டிய தாள் என்ன கூறிற்று? சூடான் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவர் அத்திருமேனியை 1970-இல் தில்லியில் வாங்கினார் என்று கூறிற்று! சிறீபுரந்தானில் இருந்த பெருமான் தில்லிக் கடையிலும் இருந்தானாம்!

ஏன் 1970? இங்கேதான் கள்வனின் கல்வி விளங்குகின்றது. தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972-இல் இயற்றப்பெற்று 1976-இல் நடைமுறைக்கு வந்தது. பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு விடுப்பதை அது தடுத்தது. யுனெசுகோவின் உடன்படிக்கையும் 1970-ஆம் ஆண்டினது. சட்டத்துக்கு முன்னே பொருள் வெளியேறியதாகக் காட்டும் பொருட்டே தாளின் ஆண்டை முன்னுக்குத் தள்ளுகின்றனர். சட்டத்தைக் காக்க வேண்டியவரைவிடச் சட்டத்தை மீறுபவன் அதை நன்றாகப் படித்திருக்கின்றான்! மேலும் ஒன்று. 1972-க்கு முன்னர்ப் போனவை எல்லாம் முறையாகப் போனவை என்பதும் பொய். 1947-இலேயே பழம்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. இசைவுச்சீட்டு இன்றி அன்றும் எடுத்துச்செல்ல இயலாது. அவ்விசைவுச்சீட்டு எங்கே என்று ஏலத்தில் கேட்பவர் எத்தனை பேர்?

கபூர் 2011-இல் செருமனியில் பிடிபட்டார். 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பெற்றார். உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கில் 2022-இல் குடந்தை அறமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. அவரும் அவர் கூட்டமும் கடத்தியவற்றுள் அமெரிக்க அரசினர் மீட்டவை மட்டும் 2,500-க்கு மேல். அவற்றின் மதிப்பு 14 கோடி தாலருக்கு மேல். சிறீபுரந்தான் பெருமான் 2014-இல் மீண்டான். தாள் பொய்யென்று தெரிந்தது எவ்வாறு? புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே கோயிலில் எடுத்துவைத்திருந்த படம் காட்டிக்கொடுத்தது. அயலவன் எடுத்த படம்தான் நம் இறைவனுக்குச் சான்று! நம் கையில் என்ன இருந்தது?

இதற்கு மறுமொழியாக மேலைநாட்டுக் கலைக்கூடத்தாரும் அவர்க்குப் பின்பாட்டுப் பாடுவோரும் இரண்டு கூறுவர். ஒன்று, “யாம் வாங்கிக் காத்திராவிட்டால் நீங்கள் உருக்கி அண்டாச் செய்திருப்பீர்கள்” என்பது. மற்றொன்று, “யாம் நல்லெண்ணத்தோடு விலைகொடுத்தே வாங்கினோம்” என்பது.

முதற்கூற்றுக்குச் சிவபுரம் மறுமொழி கூறும். குடந்தையருகே அவ்வூரில் 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த கூத்தப்பெருமானைப் பழுதுபார்க்க 1954-இல் சிற்பியிடம் கொடுத்தனர். கோயிலுக்குத் திரும்பியது படி. உண்மைத் திருமேனி வணிகர் கைமாறி அமெரிக்கா சென்றது. கோயிலிலுள்ளது போலி என்பதைப் பிரித்தானிய அருங்காட்சியகத்து அறிஞர் தக்ளசு பாரெட்டு 1965-இல் எழுதியபின்னரே நாட்டினர் விழித்தனர். 1973-இல் நார்ட்டன் சைமன் அதனை 9 இலக்கம் தாலருக்கு வாங்கினார். வழக்கு 1976-இல் உடன்பாட்டில் முடிந்தது. பத்தாண்டுக் காட்சிக்குப் பின் 1986-இல் பெருமான் மீண்டான். இங்கே உருக்கவிருந்தவன் யார்? காத்தவன் யார்? ஊரார் காக்கவே பழுதுபார்க்கக் கொடுத்தனர். வாங்க ஆள் இருந்ததனாலேயே மாற்றுருவம் வார்க்கப்பெற்றது. வாங்குவோன் இன்றேல் திருடன் இல்லை!

நல்லெண்ணம் என்னும் இரண்டாம் கூற்றை இலண்டன் அறமன்றமே தள்ளிவிட்டது. பத்தூரில் 1976-இல் கூலியாள் ஒருவர் தம் குடிசையருகே மண்ணைத் தோண்டும்போது ஒரு கூத்தப்பெருமான் திருமேனி கிடைத்தது. அவர் பெற்றது சிறுதொகை. கைமாறிக் கைமாறி 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை இலண்டனில் இரண்டரை இலக்கம் பவுனுக்கு வாங்கியது. அந்நிறுவனம் நல்லெண்ணத்தையே வாதிட்டது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் மாழைச் சான்றும் பத்தூரையே காட்டின, தொல்லியலறிஞர் இரா. நாகசாமி அம்மன்றத்தில் நின்று சான்றுரைத்தார். இடிந்துகிடந்த கோயிலும் வழக்காடும் உரிமையுடையது என 1991-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றம் ஏற்றது. பெருமான் அவ்வாண்டே மீண்டான். கல் உதிர்ந்த கோயிலுக்கு உரிமை உண்டென்று இங்கிலாந்து கூறிற்று. உயிரோடிருக்கும் ஊருக்கு அவ்வுரிமை நினைவில்லை!

ஏலத்தில் வாங்கியதற்கும் இதுவே முடிவு. ஆக்சுபோர்டின் அசுமோலியன் அருங்காட்சியகம் 1967-இல் இலண்டன் சோதபி ஏலத்தில் திருமங்கையாழ்வார் திருமேனி ஒன்றை வாங்கியது. அதே திருமேனி 1957-இல் குடந்தைப் பகுதிப் பெருமாள் கோயிலில் இருந்தமைக்குப் புதுச்சேரிப் படமே சான்றாயிற்று. பல்கலைக்கழகம் 2024-இல் அதைத் திருப்பித்தர இசைந்தது. புகழ்பெற்ற நிறுவனத்தின் ஏலச்சீட்டு உரிமைச்சீட்டு ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவு வேண்டுமோ? 2016-இல் நியூயார்க்குக் கிறித்தி ஏலத்துக்கு வைத்திருந்த இரு கற்படிமங்களை ஏலத்துக்கு முன்னரே அந்நாட்டு அரசினர் கைப்பற்றினர். 2025-இல் புத்தரின் எச்சங்களோடு பிப்ரவாவில் கிடைத்த மணிகளை ஆங்காங்கில் சோதபி ஏலமிட முனைந்தது. எதிர்ப்பெழுந்ததால் ஏலம் நின்றது, மணிகள் மீண்டன. கேட்டால் கிடைக்கின்றது. கேட்கத்தான் ஆள் வேண்டும். கேட்கச் சான்றும் வேண்டும்.

ஆனால், பழியனைத்தையும் கடலுக்கு அப்பால் எறிந்துவிட்டுத் தமிழன் கைகழுவ முடியாது. சிறீபுரந்தானில் பூட்டை உடைத்த கை எவர் கை? திருமேனியைப் புதுக் கைவினைப்பொருள் என்று பொய்யெழுதித் துறைமுகம் கடத்திய கை எவர் கை? தன் ஊர்க்கோயிலில் எத்தனை திருமேனி என்று கேட்டால் விழிப்பவன் எவன்? செட்டிநாட்டு மாளிகையின் பருமாத்தேக்குத் தூணையும் கதவையும் பிடுங்கிக் காரைக்குடிக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு, அவ்விடத்தில் இரும்புக்கதவு மாட்டுபவன் எவன்? விற்பவன் வறியவனானால் இரங்கலாம். விலையறியாமையால் விற்பவனை என்னென்பது? தமிழக அரசு சிலைத்திருட்டைத் தடுக்கத் தனிக் காவற்பிரிவை 1983-இல் அமைத்தது. ஆயினும் திருடுபோனபின் தேடுவது காவல் ஆகாது. போகுமுன் பதிவதே காவல்.

செய்யவேண்டியன பெரியன அல்ல. ஊர்தோறும் கோயில்தோறும் உள்ள ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பக்கமும் படமெடுத்து, உயரம், எடை, வடு, எழுத்து ஆகியவற்றைக் குறித்துப் பட்டியலிடல் வேண்டும். அப்பட்டியல் அரசின் பெட்டியில் உறங்காமல் உலகறிய வெளியிடப்படல் வேண்டும். திருடன் மறைவை விரும்புகிறான், பட்டியல் மறைவைக் கெடுக்கும். ஊரார் தம் பட்டியலின் படி ஒன்றைத் தாமே வைத்திருத்தல் வேண்டும். மீண்ட திருமேனிகள் காப்பறை இருட்டில் மறுசிறை இருத்தல் தகாது. காவலமைத்து அவ்வவ்வூருக்கே அனுப்புதல் வேண்டும். ஏலநிறுவனங்கள் பொருளின் விலையை மட்டுமன்றி, அது நாடுவிட்ட இசைவுச்சீட்டையும் படத்தோடு காட்டவேண்டுமென நடுவணரசு நாடுகளிடை வலியுறுத்தல் வேண்டும்.

தமிழினமே! கூத்தப்பெருமானுக்கு விலை என்ன என்று ஏலத்திரை நாடோறும் கூவுகின்றது. விலையை அது கூறிவிட்டது. அவன் யாருக்கு உரியவன் என்பதைக் கூறவேண்டியவன் நீ. உன் ஊர்க்கோயிலுக்குள் சென்று முதலில் எண்ணிப்பார்!