பழைய கேஸ் இருந்தா அரசு வேலை போயிடுமா? போலீஸ் சரிபார்ப்பில் எது சிக்கல்?

எழுத்துத் தேர்வு பாஸ். உடல்தகுதித் தேர்வும் ஓகே. கடைசியில் ஒரு படிவம் வரும்: ‘உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவாகியுள்ளதா?’

வாடிப்பட்டி தாலுகாவில் இந்தக் கேள்வி பலருக்கு நெருக்கமானது. அலங்காநல்லூர் இங்கேதான் இருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அங்கே விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களில் 200-க்கும் மேற்பட்டோரை போலீஸ் பிடித்துச் சென்றது. மாநிலம் முழுக்க வழக்குகளும் பாய்ந்தன. போலீஸாரைத் தாக்கியது போன்றவை தவிர மற்ற வழக்குகள் வாபஸ் பெறப்படும் என 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்.

‘அதான் வாபஸ் ஆயிடுச்சே, எதுக்கு எழுதணும்?’ இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ‘தண்டனை பெற்றீர்களா?’ என்று மட்டும் படிவம் கேட்டால் ‘இல்லை’ என்பது சரியான பதில். ‘வழக்கு பதிவானதா, கைதானீர்களா?’ என்று கேட்டால், முடிந்துபோன வழக்கையும் எழுதியாக வேண்டும்.

மறைத்துவிட்டால் கதை முடிந்ததா? அப்படியும் இல்லை. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இதைத் தெளிவாக்கியது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், வேலை தருபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். படிவத்தில் குறிப்பாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டவும் முடியாது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பின்னணியை எடைபோடும் உரிமை துறைக்கு உண்டு.

2011-ல் டெல்லி போலீஸ் வேலை தொடர்பான வழக்கில், இளம் வயதுத் தவறுக்காக ஒருவரை ஆயுளுக்கும் குற்றவாளியாக முத்திரை குத்தக் கூடாது என்ற நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடிய ழான் வால்ழானை நினைவுபடுத்தினார். நம் ஊரில் ‘ஏழை படும் பாடு’ என்று தெரியுமே, அதே கதை.

தமிழ்நாடு காவல் பணி விதிகள் அவ்வளவு இளகியவை அல்ல. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரும் ‘வழக்கில் தொடர்புடையவர்’தான். 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இந்த விதியை ஏற்றது. ‘ராஜியா போயிடுவோம், சாட்சி மாத்திச் சொல்லிடுவாங்க’ என்று ஊர்ப் பெரியவர்கள் முடித்துவைத்த அடிதடி வழக்கு, பத்து வருஷம் கழித்து கான்ஸ்டபிள் தேர்வில் குறுக்கே நிற்பது இப்படித்தான். விடுதலை என்பது மட்டும் போதாது, தீர்ப்பில் என்ன வார்த்தை இருக்கிறது என்பதும் முக்கியம்.

சரிபார்ப்பு நடக்கும்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கண்ணியமான விடுதலை கிடைத்தாலும், அடுத்த தேர்வில்தான் உரிமை கோர முடியும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கோர்ட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, கடைசிப் பத்தியை வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. வாபஸான வழக்கு என்றால், அறிவிப்பு வந்த பேப்பர் கட்டிங் உதவாது. கோர்ட் உத்தரவு கையில் இருக்க வேண்டும்.