அல்சர் மாத்திரைக்கு முன் ஒரு பரிசோதனை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கும் வீட்டில் கூடத்தைத் தறியே பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில்தான் குடும்பம் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழ வேண்டும். தறிக்குழியில் இறங்கியவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறுவது வாடிக்கை. நெஞ்சு எரிந்தால் ‘கேஸ்’ அல்லது ‘அல்சர்’ என்று தாங்களே பெயர் வைத்து, மெடிக்கலில் அமிலம் குறைக்கும் பான்டாப்ரசோல் மாத்திரை ஓர் அட்டை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். எரிச்சல் அடங்கிவிடும், காரமும் பட்டினியும்தான் காரணம் என்ற நம்பிக்கை மட்டும் அடங்காது. வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: வலி மாத்திரைகள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள்; 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கமான வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்து, மருந்து கொடுக்காவிட்டால் பல பத்தாண்டுகள் தங்கிவிடும் கிருமி இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய்க் காரணிகளில் புகையிலையை வைத்திருக்கும் அதே முதல் பிரிவில் இதை 1994-லேயே சேர்த்துவிட்டது.

அது இரைப்பைப் புற்றுநோய்க்காக. அதோடு விஷயம் முடிகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. அமெரிக்காவில் இந்தக் கிருமிக்காகப் பரிசோதிக்கப்பட்ட எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு முடிவு 2024-ல் வெளியானது. கிருமி இருந்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கிருமி இருந்தும் சிகிச்சை பெறாதவர்கள் அந்த நோயால் இறப்பது, சிகிச்சை பெற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம். இரைப்பையில் குடியிருக்கும் கிருமி அத்தனை தூரம் தள்ளியிருக்கும் பெருங்குடலை எப்படித் தொடும்? ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் 2023-ல் எலிகளில் காட்டியது இதற்கு ஓரளவு விடை தருகிறது. இந்தத் தொற்று குடலின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது, குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருகவிடுகிறது, கட்டிகள் கூடுகின்றன. கிருமியைத் தொடக்கத்திலேயே ஒழித்தபோது கட்டிகள் குறைந்தன.

கிருமியும் பெருங்குடல் புற்றுநோயும் சேர்ந்து வருவதால் ஒன்றுக்கு மற்றது காரணமாகிவிடுமா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். வறுமை, புகை, உணவு ஆகியவை இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். கணக்கீட்டில் அவற்றை முழுதாகக் கழித்துவிட முடியாது. சதவீதம் பெரிதாகத் தெரிந்தாலும், அந்த அமெரிக்க ஆய்வில் சிகிச்சையால் வந்த வித்தியாசம் 15 ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு இரண்டு, மூன்று பேர் அளவுதான். இன்னொரு பக்கமும் உண்டு: உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வரும் ஒருவகைப் புற்றுநோய், இந்தக் கிருமி உள்ளவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா 1969-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால்தான் மறைந்தார். ஆனால், நம் நாட்டில் உணவுக்குழாயில் அதிகம் காணப்படுவது வேறு வகை; அதன் பின்னால் நிற்பவை புகையிலையும் மதுவும். ஆகவே அந்தப் பாதுகாப்புக் கணக்கைச் சொல்லி இங்கே கிருமியை விட்டுவைக்க முடியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் நம் நாட்டிலிருந்தே வருகிறது. இந்தியாவில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது, அந்த அளவுக்கு இரைப்பைப் புற்றுநோய் இல்லையே என்று. நாடு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அது சரி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் சென்னைப் பதிவேட்டைப் பார்த்தால், ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. நமக்கு ஆறுதல் சொல்ல அந்தச் சராசரிக்குத் தகுதியில்லை. அதற்காக எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்லவில்லை. மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கிருமி இங்கே பெருமளவு பழகிவிட்டது. கண்மூடி வாரி வழங்கினால் மற்ற நோய்களுக்கும் மருந்தில்லாமல் போகும். தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதையும் பரிசோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தொடர்ந்து வயிற்றுத் தொல்லை உள்ளவர்கள், நெருங்கிய ரத்த உறவில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் ஆகியோரிலிருந்தாவது நாம் தொடங்கலாம். பெருங்குடல் தொடர்பு நாளை உறுதியானாலும் தளர்ந்தாலும், புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும் குறைவது நிச்சய லாபம்.

தமிழக அரசின் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றைப் பார்க்கிறது. அதற்குப் பக்கத்தில் மலத்தில் இந்தக் கிருமியைக் கண்டறியும் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் காஞ்சிபுரத்திலேயே அதைத் தொடங்கலாம். வாசகர்களுக்கும் ஒன்று: அமிலம் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும், மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திய பிறகே பரிசோதியுங்கள். சிகிச்சை பொதுவாக 14 நாள். எரிச்சல் போய்விட்டது என்று நடுவில் விடாதீர்கள். முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் பாருங்கள். மலம் கறுத்தாலோ, அதில் ரத்தம் வந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, காரணமின்றி எடை இறங்கினாலோ மெடிக்கலுக்குப் போகாதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.