எல் என்றால் ஒன்று

அப்பாவின் செல்போன் எண்ணை அந்தப் படிவம் மூன்றாவது முறையாக ஏற்க மறுத்தது. 'சரியான எண்ணைத் தரவும்' என்று சிவப்பில் ஒரு வரி. பத்து இலக்கத்தையும் திரையில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வழக்கம்போல நெட்டைத் திட்டினேன். நாலாவது முறை அவர் அடிக்கும்போது திரையை விட்டுவிட்டு அவர் விரல்களைப் பார்த்தேன். எண்ணில் ஒன்று வருகிற இடத்திலெல்லாம் வலது கை மோதிர விரல் இருந்த இடத்திலேயே 'எல்' எழுத்தைத் தட்டியது.

"அப்பா, அது எல்."

"தெரியுமே. சின்ன எல். அதுதானே ஒண்ணு?"

அவர் கற்ற ரெமிங்டன் டைப்ரைட்டரில் ஒன்று என்ற விசையே கிடையாதாம். எண் வரிசை இரண்டில் தொடங்கும். ஒன்று வேண்டுமென்றால் சின்ன எல்லை அடித்துக்கொள்ள வேண்டியதுதான். தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஒரு விசை மிச்சம். முப்பத்தேழு வருஷம் ரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியலும் இடமாறுதல் உத்தரவும் அடித்த விரலுக்கு, எழுபத்தெட்டு வயதில் போய் 'ஒன்று மேலே இருக்கிறது' என்றால் அது எப்படிக் கேட்கும்?

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர உட்கார்ந்தபோது, ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லித்தருகிறேன் என்றுதான் நினைத்தேன். திருச்சிக்கு வந்து பத்து நாள் விடுப்பு, பழைய லேப்டாப் ஒன்று, நல்ல எண்ணம் நிறைய. அவரோ டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர் பாஸ். நிமிஷத்துக்கு 45 வார்த்தை. கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். இரண்டு விரலால் குத்திக்கொண்டு பத்திரிகையில் காலம் தள்ளுகிற நான் அவருக்கு வாத்தியார்!

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அப்பா ஓய்வுபெற நாலைந்து வருஷம்தான் இருந்தது. 'சார், உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை' என்று சின்னப் பையன்கள் மரியாதையாக அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். மரியாதை என்ற பேரில் நடக்கிற காரியங்களில் இது ஒன்று. அதற்குப் பிறகு அவர் விசை எதையும் தொடவில்லை.

தொட்டதும் பழைய மெஷின் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டினார். காதுக்குள் டைப்ரைட்டரின் வரிமுடிவு மணி இன்னும் அடிக்கிறது போல. பிறகு நான் எழுத்தைப் பெரிதாக்கியபோது பத்தி முழுக்க உடைந்து படிக்கட்டாகிவிட்டது. விசையை ஓங்கிக் குத்தினார். ரிப்பன் வழியாகத் தாளில் எழுத்து பதிய வேண்டுமே. "இதுல எதிர்ப்பே இல்லம்மா, தண்ணில கை வச்ச மாதிரி இருக்கு" என்றார். விரலை எடுக்க ஒரு கணம் தாமதித்தால் ஒரு எழுத்து ஒன்பதாகப் பெருகியது.

இதெல்லாம் சிரித்துக் கடந்த விஷயம். சிரிக்க முடியாதது மூன்றாம் நாள் நடந்தது.

தலைப்பை அழகாக நடுவில் அடித்தார். எத்தனை எழுத்து என்று எண்ணி, பாதியாக்கி, அத்தனை இடம் தள்ளி. ஒரு பொத்தானில் இது முடியும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அடுத்து அடிக்கோடு. அதற்குப் பின்னால் போக வேண்டும். டைப்ரைட்டரில் பேக்ஸ்பேஸ் என்பது வண்டியைப் பின்னால் நகர்த்துகிற விசை மட்டும்தான். எழுத்து தாளிலேயே இருக்கும். அப்பா நிதானமாகப் பதினெட்டு முறை தட்டினார். நிமிர்ந்து பார்த்தார். தலைப்பைக் காணோம்.

அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு இஷ்டமில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினார். "வேணாம்மா. எதையாவது கெடுத்துடுவேன்." இரண்டு நாள் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை.

வயசானவர்களுக்குக் கம்ப்யூட்டர் பயம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்பாவிடம் இருந்தது அறியாமையின் பயம் அல்ல. அவர் பழகிய தொழிலில் தப்பு என்பது தாளில் நிற்கும். ஐந்து கார்பன் வைத்து அடிக்கும் கடிதத்தில் ஒரு எழுத்து பிசகினால் ஆறு தாளிலும் அழிக்க வேண்டும். முக்கியமான உத்தரவானால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். தப்பே வராமல் அடிப்பதுதான் திறமை என்று வளர்ந்த கையிடம் 'தைரியமா அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது' என்று சொல்வது, சமையல்காரரிடம் உப்பை இஷ்டத்துக்குப் போடுங்கள் என்று சொல்வதைப் போல. அவருக்கு அது தைரியமாகப் படாது, பொறுப்பில்லாமையாகப் படும்.

நானும் யோக்கியம் இல்லை. அவர் மவுஸைத் தேடுவதற்குள் பிடுங்கி நானே கிளிக் செய்தேன். "இதோ, இவ்வளவுதான்" என்பேன். அந்த 'இவ்வளவுதான்' எவ்வளவு மோசமான வார்த்தை என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. ஆறாம் நாள் அவரே திரும்ப வந்து உட்கார்ந்து சொன்னார்: "எங்க இன்ஸ்டிட்யூட் வாத்தியார் ஒருநாள்கூட என் விரலைத் தொட்டதில்லை. பின்னாடி நின்னு சத்தத்தைக் கேட்பார். சத்தம் தடுமாறினா 'சுண்டு விரல்' அப்படின்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நீயும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு."

நின்றேன். அன்று அவருக்கு ஒரே ஒரு வித்தைதான் சொன்னேன்: கன்ட்ரோலும் இசட்டும். தலைப்பை அழிக்கச் சொன்னேன். தயங்கி அழித்தார். இரண்டு விசையையும் சேர்த்து அமுக்கச் சொன்னேன். திரும்பி வந்தது. மறுபடி அழித்தார், வரவழைத்தார். காலை காப்பி ஆறிப்போகும்வரை அதையே செய்துகொண்டிருந்தார். "இது அப்போ இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

மவுஸுக்கு நான் வாத்தியார் இல்லை, சீட்டுக்கட்டு. 1990-இல் விண்டோஸுடன் சாலிடேர் ஆட்டத்தைச் சேர்த்துக் கொடுத்ததே, ஜனங்கள் மவுஸால் பிடித்து இழுத்துப் பழகட்டும் என்றுதான் எனச் சொல்வார்கள். நான் மூன்று நாள் கத்திக் கற்றுத்தர முடியாத டபுள் கிளிக்கும் இழுத்து விடுவதும் ரயில்வே குவார்ட்டர்ஸில் ரம்மி ஆடிய கைக்கு ஒரு மத்தியானத்தில் வந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் கோபம்.

அம்மா தனி ரகம். ஒரு விசையும் கற்காதவள். போனில் மைக் படத்தை அமுக்கி "மணத்தக்காளி வத்தக்குழம்பு" என்பாள், வந்துவிடும். "இதுக்கா இவ்ளோ நாள் பாடம்?" என்று எங்களைப் பார்த்து ஒரு கேள்வி வேறு.

தமிழில் அடிக்க ஆசைப்பட்டபோது நாங்கள் ஒரு சண்டை போட்டோம். நான் தமிழ்99 கட்சி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய், காதில் விழும் வரிசை. அப்பாவுக்குக் கண்ணில் படும் வரிசைதான் தெரியும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். யாழ்ப்பாணத்துக்காரரான முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வடிவமைத்த காலத்திலிருந்து வருகிற பழக்கம். "கொம்பு முன்னாடிதானேம்மா நிக்குது, அதை ஏன் பின்னாடி அடிக்கணும்?" பதில் இருக்கிறது. ஆனால் எழுபத்தெட்டு வயதில் அந்தப் பதில் யாருக்கு வேண்டும்? பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்க மென்பொருள்கள் இருக்கின்றன. இ-கலப்பையை இறக்கிக் கொடுத்தேன். அன்று மாலை, நான் ஒரு பத்தி அடிப்பதற்குள் அவர் மூன்று அடித்தார்.

மெயிலில் 'சிசி' என்றிருப்பது கார்பன் காப்பி என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவா? கார்பனே இல்லாத ஊர்லயா?" அப்புறம் வெகுநேரம் கார்பனைப் பற்றியே பேசினார். முதல் நகல் துலக்கமாக இருக்கும், ஐந்தாவது ஆவி மாதிரி. அந்த ஆவி எப்போதும் ஆபீஸிலேயே ஜூனியருக்குப் போகும். கடிதத்தின் அடியில் இடது ஓரம் சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிதாக, ஒரு சாய்கோடு, பிறகு அடித்தவருடையது சின்ன எழுத்தில். "என் பேரு அத்தனை வருஷமும் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்" என்று சிரித்தார்.

ஓடிபி கேட்டு யார் கூப்பிட்டாலும் வைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லி, 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைத் தினசரிக் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டினேன். இந்தப் பாடத்தில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

நவம்பரில் நான் சென்னையில் இருந்தேன். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டிய மாதம். 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் ஏற்பாட்டில் இப்போது போன் கேமராவில் முகம் காட்டினால் போதும். அப்பா பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்து கண்ணை இமைக்காமலே இருந்திருக்கிறார். இமைத்தால்தான் உயிர் இருப்பதாக அது ஒப்புக்கொள்ளும். அம்மா பக்கத்திலிருந்து "சிமிட்டுங்க, சிமிட்டுங்க" என்று கத்த, ஏழாவது தடவை ஒப்புக்கொண்டதாம்.

ராத்திரி எனக்கு ஒரு மெயில் வந்தது. லேப்டாப்பில் சான்றிதழை இறக்கி இணைத்திருந்தார். 'பொருள்: உயிர்வாழ் சான்று' என்று நடுவில் தலைப்பு, அடிக்கோட்டுடன். ஆபீஸ் காப்பி வேண்டுமென்று சிசியில் தன் முகவரியையே போட்டிருந்தார். தேதியில் வந்த ஒன்றுகளை எல்லாம் உருப்பெருக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான். அடியில் இடது ஓரம், சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் பெரிய எழுத்தில் அவருடைய முதலெழுத்துகள். அந்தப் பக்கம் சின்ன எழுத்தில் அதே எழுத்துகள்.