பளபளப்பை நம்பாதீர்கள்!

இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி இட்லி உங்களுக்கு, பாதி இட்லி தட்டுக்கு! எண்ணெய் தடவினால்தான் இட்லி அலுங்காமல் எழுந்து வரும். ஆனால் அந்த இட்லியின் முதுகில் கொஞ்சம் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்யும். இதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்த வாரம் நாம் அமெரிக்கா வரையில் போய்வர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலே 'ஹாட் ராட்' என்று ஒரு பைத்தியம் உண்டு. பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் பிடித்து, வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்கு மீறிய வேகமுள்ள எஞ்சினைப் பூட்டி ஓட்டுவதுதான் அது. கலிபோர்னியாவில் வற்றிப்போன ஏரிப் படுகைகளில் 1930-களிலேயே இளைஞர்கள் இப்படிப் பந்தயம் விட்டார்கள். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துப் பிள்ளைகள் வீடு திரும்பியதும் இந்த மோகம் இன்னும் முற்றிவிட்டது. அவர்களுக்கு எல்லாவற்றையும்விட இஷ்டமான வண்டி 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு. அந்த வருஷந்தான் ஃபோர்டு கம்பெனி சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் 'வி-8' எஞ்சின் வைத்த காரை விற்க ஆரம்பித்தது. குதிரை சக்தி 65. வருஷத்தின் கடைசி எண் இரண்டு அல்லவா? சீட்டாட்டத்தில் இரண்டுக்குச் சொல்லும் 'டியூஸ்' என்ற பெயரையே அந்த வண்டிக்குச் செல்லப் பெயராக வைத்துவிட்டார்கள்.

ஆசைப்படுகிறவர்கள் பெருகினார்கள், 1932-ஆம் வருஷத்துத் தகடு பெருகுமா? இருந்த கூடுகளும் துருப்பிடித்து உதிர்ந்தன. அப்போது கைகொடுத்ததுதான் ஃபைபர்கிளாஸ். கண்ணாடியை உருக்கி மெல்லிய நூலாக இழுத்து, அந்த நூலால் ஆன விரிப்பைப் பிசினில் தோய்த்து இறுகவைத்தால் கிடைக்கும் பொருள் அது. துருப்பிடிக்காது; கனமும் குறைவு. மிச்சிகன் மாகாணத்து ஃபிளிண்ட் நகரில் 1953-இல் செவர்லே கம்பெனி முதன் முதலாகச் செய்த 300 கார்வெட் கார்களுக்கும் கூடு ஃபைபர்கிளாஸ்தான். முந்நூறும் வெள்ளை வெளேர்! பழைய ஃபோர்டின் அச்சு அசலான கூடுகளையும் பல பட்டறைகள் இதே பொருளில் வார்த்து விற்க ஆரம்பித்தன. இன்றும் விற்கிறார்கள்.

வார்ப்பது எப்படித் தெரியுமா? அங்கேதான் நம் இட்லித் தட்டு வருகிறது. பெரிய அச்சு ஒன்றை வழவழவென்று தேய்த்து, அதன் உட்புறம் முழுவதும் மெழுகு பூசுகிறார்கள். அதன்மேல் 'ஜெல்கோட்' என்ற பிசின் பூச்சு. அதற்குப் பின்னால் கண்ணாடி நூல் விரிப்பும் பிசினும் அடுக்கடுக்காக. எல்லாம் இறுகியதும் அச்சிலிருந்து கூட்டை எடுத்தால், மெழுகின் தயவால் அலுங்காமல் வந்துவிடும். வெளிப்புறம் முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும்.

இந்தப் பளபளப்புத்தான் மோசக்காரப் பளபளப்பு! வாங்கிய மனிதர் அதைப் பார்த்து, "ஆஹா! இவ்வளவு வழவழப்பாக இருக்கிறதே, இரண்டு தேய்ப்புத் தேய்த்து வர்ணம் அடித்துவிடலாம்" என்று உப்புத்தாளைக் கையில் எடுக்கிறார். அந்த நிமிஷமே காரியம் கெட்டுவிடுகிறது. இட்லியின் முதுகில் எண்ணெய் வந்ததுபோல், கூட்டின் மேலே அச்சு மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது. அதன்மேல் தேய்த்தால் மெழுகு போகாது; உப்புத்தாள் போடும் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மெழுகின்மேல் வர்ணம் நிற்குமா? மாதக்கணக்கில் உழைத்துப் பணத்தைக் கொட்டிப் பூசிய வர்ணம் வெங்காயச் சருகுபோல் உரிந்து வரும். அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் விதி: முதலில் கழுவு, பிறகு தேய். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்புமே போதும், ஒரு பச்சை நாரோடு. கழுவியபின் நல்ல தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாக உருண்டு ஓடினால் மெழுகு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் கழுவ வேண்டும். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. காய்ந்த பிறகு, மெழுகையும் பிசுக்கையும் கரைக்கும் திரவம் ஒன்றால் துடைக்கிறார்கள். இதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்று திரவத்தில் நனைத்துத் தேய்க்க. மற்றொன்று அது உலர்வதற்குள் வழித்து எடுக்க. ஒரே துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே ஒழிய, ஊரைவிட்டுப் போகாது. அடுப்பு மேடை துடைக்கிற உங்களுக்கு இது தெரியாததா?

அடுத்தது பொறுமை. அச்சிலிருந்து வந்த கூடு இறுகிவிட்டதுபோல் தோன்றினாலும், உள்ளே பிசின் முழுதும் இறுகிச் சுருங்க இன்னும் நாளாகும். அனுபவசாலிகள் கூட்டை அடிச்சட்டத்தில் பொருத்தி, கதவு முதலானவற்றையும் மாட்டி, வடாம் காயவைப்பதுபோல் வெயிலில் பல நாட்கள் விட்டுவிடுகிறார்கள். அவசரப்பட்டு வர்ணம் அடித்தால், பிற்பாடு பிசின் சுருங்கும்போது கண்ணாடி நூலின் பின்னல் வர்ணத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். சட்டத்தில் பொருத்துவதற்கும் காரணம் உண்டு. தனியே நிற்கும்போது கூடு வளைந்து கொடுக்கும். அப்போது சமன் செய்த கதவு, வண்டியில் மாட்டிய பிறகு எங்கோ இடிக்கும். விளக்குக்கும் கைப்பிடிக்கும் ஓட்டை போடுவதையும் இப்போதே முடித்துவிட வேண்டும்.

இனிமேல்தான் உப்புத்தாள். பட்டி பூச வேண்டிய இடத்தில் 80 நம்பர். பிரைமர் மட்டும் அடிக்கும் இடத்தில் 180 நம்பர். பளபளப்புப் போய் மங்கினால் போதும். ஆத்திரமாகத் தேய்த்து ஜெல்கோட்டைத் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கும் நூல் வெளிப்பட்டு, பூசுகிற பிரைமரை எல்லாம் குடித்துவிடும். தேய்க்கும்போது ஊசிமுனை அளவில் சிறு துவாரங்கள் வெளிப்படும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளின் வாசல் அவை. பிரைமர் மூடிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. வெயிலில் அந்தக் காற்று விரிந்து பூரிபோல் உப்பும்! ஒவ்வொரு துவாரத்தையும் கூரிய முனையால் அகலப்படுத்தி, தூசியை ஊதிவிட்டு, பட்டி வைத்து அடைக்க வேண்டும்.

துவாரமே இல்லாமல் மறைந்திருக்கும் குமிழியை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பீர்களே, அதே வித்தைதான். காசு ஒன்றால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடம் தனி ஓசையில் காட்டிக் கொடுத்துவிடும். விரிசல் இருந்தால் பட்டியால் பூசி மறைப்பது பிரயோசனப்படாது, மறுபடி வெடிக்கும். விரிசலைப் பள்ளமாகக் குடைந்து, கண்ணாடி நூலும் பிசினும் வைத்து மூட்ட வேண்டும்.

பிறகு பிரைமர். இரும்புத் தகட்டைக் கவ்வுவதற்கென்று அமிலம் சேர்த்துச் செய்த பிரைமர் இங்கே உதவாது. கவ்வுவதற்கு இரும்பு எங்கே இருக்கிறது? எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன்மேல் கனமாக ஏறும் பாலியெஸ்டர் பிரைமர் அடிப்பது வழக்கம். காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு வர்ணத்தைப் பன்னீர் தெளித்தாற்போல் லேசாகத் தூவுகிறார்கள். நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால், மேடான இடத்தில் கறுப்பு உடனே மறையும். பள்ளத்தில் தங்கி நிற்கும். கை ஏமாற்றலாம், கண் ஏமாற்றலாம். அந்தக் கறுப்பு ஏமாற்றாது. மேடும் பள்ளமும் தீரும்வரையில் பூசுவதும் தேய்ப்பதும்தான் வேலை. 180, 320 என்று ஏறி, கடைசியில் 400 அல்லது 600 நம்பரில் முடியும். அதற்குப் பிறகுதான் வர்ண டப்பாவைத் திறப்பது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, வீட்டுப் பெண்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. தேய்க்கும்போது பறப்பது வெறும் தூசியல்ல, கண்ணாடித் தூசி. தோலில் பட்டால் அரிப்பு. கண்ணிலும் மூச்சிலும் போனால் அதைவிடத் தொல்லை. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசியை வடிகட்டும் முகமூடி எல்லாம் அவசியம். அந்தச் சட்டையைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்; தனியே அலசுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, கடைசியில் அடிக்கும் இரட்டைக் கலவை யூரிதேன் வர்ணத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் ஐசோசயனேட் என்ற பொருள் மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சை அடைக்கும். அதற்குச் சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து குழாய்வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் கடைசிப் பூச்சைத் தகுந்த பட்டறையில் விட்டுவிடுவதே விவேகம். கார் அழகாக இருந்து, அதை ஓட்ட வேண்டியவர் இருமிக் கொண்டிருந்தால் என்ன லாபம்?

கண்காட்சியில் அந்தக் காரைப் பார்க்கிறவர்கள், "என்ன வர்ணம், என்ன வர்ணம்!" என்று வர்ணத்தைத்தான் புகழ்வார்கள். கழுவியதையும் தட்டியதையும் துவாரம் துவாரமாக அடைத்ததையும் யாரும் புகழப் போவதில்லை. விருந்தாளி சாம்பாரைப் புகழ்வாரே தவிர, பருப்பில் கல் பொறுக்கியதைப் புகழ்வாரா? ஆனால் ஒரே ஒரு கல் பல்லில் அகப்படட்டும், அப்போது தெரிந்துவிடும்!